நாய்க்கு முதல் பந்தி போட்ட திருச்சுழிக்காரர்!

உங்க வீட்டு நாயைப் பத்தி ஃப்ரெண்டுகிட்ட பேசும்போது எப்படிச் சொல்வீங்க? அது தூங்குதுன்னா, அவன் தூங்குறான்னா? இப்போ நிறைய பேர் அவன், அவள்தான். இன்ஸ்டாவில நாய்க்குட்டிக்குத் தனி அக்கவுன்ட், பிறந்தநாளுக்கு கேக், கேப்ஷன்ல என் மகன்னு ஒரு வரி. வீட்ல பாட்டி அதைப் பார்த்துட்டு, நாயைப் போய் அவன் இவன்கிறியேன்னு தலையில அடிச்சுக்குவாங்க.

பாட்டி மேல தப்பில்லை. நம்ம இலக்கணமே அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கு. ஸ்கூல்ல படிச்ச உயர்திணை, அஃறிணை ஞாபகம் இருக்கா? மனுஷங்க உயர்திணை, தேவர்கள் உயர்திணை, நன்னூல் கணக்குப்படி நரகத்துல கிடக்கிறவங்ககூட உயர்திணைதான். ஆனா வீட்டுக்குப் பால் கொடுக்கிற பசு அஃறிணை. கொஞ்சம் அநியாயமா தெரியலை?

இந்த இலக்கணத்தை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் தினமும் மீறிக்கிட்டு இருந்தார். நாய், குரங்கு, பசு, அணில், மயில் எல்லாமே அவர் வாயில அவன், அவள், பசங்கதான். யாரோ வெளிநாட்டு விலங்கியல் நிபுணர்னு நினைச்சுடாதீங்க. பரளச்சி, அருப்புக்கோட்டை, திருச்சுழின்னு வானம் பார்த்துக் கிடக்கிற நம்ம பூமியில பிறந்தவர். சாமியார்னு மட்டும்தான் அவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோவணம், நரைச்ச தாடி, கண்ணை எடுக்கவிடாத அந்த ஒரு போட்டோ. ஆமா, ரமண மகரிஷியேதான்.

அவரோட தத்துவத்துக்குள்ள நாம இப்போ போகப்போறதில்லை. அதுக்குப் புத்தகங்கள் ஏராளம். நாம பார்க்கப்போறது அவரைச் சுத்தி வாழ்ந்த நாலுகால்களையும் இறக்கைகளையும்தான். ஷெல்டர், ரெஸ்க்யூ, ரீஹேபிலிடேஷன்னு இன்னைக்கு நாம பேர் வெச்சிருக்கிற வேலை எல்லாம், பேரும் போர்டும் இல்லாம அவர் இடத்துல நடந்துச்சு.

கரிசக்காட்டுப் பையன்

1879-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி, திருவாதிரை ராத்திரியில திருச்சுழியில பிறந்தார். வீட்டுல வெச்ச பேர் வெங்கட்ராமன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு. அப்பா சின்ன வயசுல மாசம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனவர். அப்புறம் மனு எழுதிக் கொடுத்து, மெள்ள மெள்ள ஊர் மதிக்கிற வக்கீலா ஆனார். ஊருக்குப் புதுசா வர்ற யாருக்கும் அவர் வீட்டுல சாப்பாடு உண்டாம். ராத்திரியில வண்டியை மறிக்கிற திருடங்ககூட, உள்ளே இருக்கிறது சுந்தரம் ஐயர்னு தெரிஞ்சா விட்டுடுவாங்கன்னு ஒரு கதை உண்டு. அந்த வீடு திருமேனிநாதர் கோயில் பக்கத்துலயே சுந்தர மந்திரம்ங்கிற பேர்ல இன்னைக்கும் இருக்கு. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வரலாம்.

ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். குண்டாறு பக்கத்துலதான் ஓடுது. ஓடுதுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. பெரும்பாலான மாசம் மணல்தான். பருத்தி, மிளகாய், கம்பு, பனை, கருவேலம். இங்கே விவசாயத்தை நம்பின வீட்டைக் காப்பாத்தினதுல ஆட்டுக்கும் மாட்டுக்கும் பெரிய பங்கு. பரளச்சிப் பக்கம் கிடை போடுறவங்ககிட்ட பேசிப் பாருங்க. நூறு ஆட்டுலயும் ஒவ்வொண்ணையும் அடையாளம் சொல்வாங்க. மாட்டுக்காரங்க மயிலை, செவலை, காரின்னு நிறத்தையே பேரா வெச்சுக் கூப்பிடுவாங்க. உழவு மாட்டைப் பத்திப் பேசும்போது, அவன் இன்னைக்குச் சரியா தின்னலைன்னு ரொம்ப சாதாரணமா வரும். இலக்கணம் என்ன சொன்னாலும் காட்டுல வேலை செய்யறவன் வாயில மாடு உயர்திணைதான். வெங்கட்ராமனுக்கு அந்தப் பேச்சு இங்கேயிருந்துதான் ஒட்டிக்கிச்சான்னு யாரும் ஆராய்ச்சி பண்ணினதா தெரியலை. எனக்கென்னவோ அப்படித்தான் தோணுது.

1892-ல அப்பா இறந்துட்டார். பையனுக்கு 12 வயசு. குடும்பம் இரண்டா பிரிஞ்சது. வெங்கட்ராமன் மதுரையில, சொக்கப்ப நாயக்கன் தெருவுல இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல்ல படிப்பு. படிப்புல சுமார்தான், ஃபுட்பால், நீச்சல்னா முதல் ஆள். தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

1896 ஜூலையில ஒருநாள், உடம்புக்கு ஒண்ணுமே இல்லாதப்போ, இப்போ செத்துடப்போறோம்னு திடீர்னு ஒரு பயம் வந்தது. தரையில பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, சாகிறது யாருன்னு தனக்குள்ளயே பார்த்தார். அவர் வாழ்க்கை திரும்பினது அந்த இடத்துலதான். ஆறு வாரம் கழிச்சு, ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்காக வெச்சிருந்த 5 ரூபாய்ல 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு ரயில் ஏறினார். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை. அப்புறம் 54 வருஷம் அந்த ஊரை விட்டு எங்கேயும் போகலை.

கோயிலுக்குள்ள ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கம்னு ஓர் இருட்டறை. தியானத்துல உட்கார்ந்திருக்கிறவர் மேல பசங்க கல் எறிஞ்சதால அங்கே இறங்கிட்டார். எறும்பும் பூச்சியும் தொடையைத் தின்னு சீழ் வைக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியலை. மத்தவங்கதான் தூக்கி வெளியே கொண்டு வந்தாங்க. விலங்குகளோட அவருக்கு ஏற்பட்ட முதல் நெருக்கம்னு இதைச் சொல்லலாமான்னு தெரியலை. ஆனா பூச்சி கடிச்சதைப் பத்தி அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கிட்டதில்லை.

மலையில யார் வாடகைக்கு இருக்காங்க?

1899 வாக்குல அருணாசல மலையில விரூபாட்ச குகைக்குப் போனார். 1916 வரைக்கும் அங்கே, அப்புறம் 1922 வரைக்கும் கொஞ்சம் மேலே ஸ்கந்தாஸ்ரமத்துல. அந்த மலையில அப்போ சிறுத்தை உண்டு, பாம்பு உண்டு, குரங்குக் கூட்டம் நிறைய. கூட இருந்தவங்க கம்பை எடுத்தா அவர் தடுப்பார். அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. இது அவங்க வீடு, நாமதான் விருந்தாளியா வந்திருக்கோம், வீட்டுக்காரனை விரட்ட நமக்கென்ன உரிமை இருக்குன்னு கேட்பார். பாம்பு அவர் உடம்பு மேல ஊர்ந்து போயிருக்கு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டவங்ககிட்ட, குளிர்ச்சியா மெத்துன்னு இருந்துச்சுன்னு சொன்னாராம்.

விலங்குகளைப் பிடிக்கும்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்கோம். ஆனா நம்ம கணக்குல இடம் நம்மோடது. அதுங்களை நாம இரக்கப்பட்டு இருக்கவிடுறோம். ரமணர் கணக்கு தலைகீழ். சரணாலயம்ங்கிற வார்த்தையைப் பிரிச்சுப் பாருங்க, அடைக்கலம் கொடுக்கிற இடம். விருதுநகர் மாவட்டத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல சரணாலயம் வெச்சோம். 2021-ல அது மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமாவும் ஆச்சு. நாமதான் அடைக்கலம் கொடுக்கிறதா நினைச்சு வேலி போடுறோம். அவர் தன்னைத்தான் அடைக்கலம் கேட்டு வந்தவரா நினைச்சார்.

அந்தக் கணக்கை அவர் எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டார்ங்கிறதுக்கு ஒரு குளவிக் கதை. ஒருநாள் மலையில ஏறிப் போறப்போ, புதருக்குள்ள இருந்த குளவிக் கூட்டுல அவர் தொடை தெரியாம பட்டுடுச்சு. கூடு கலைஞ்சு, இடிச்ச காலையே சூழ்ந்துக்கிட்டு கொட்டித் தீர்த்துடுச்சுங்க. அவர் ஓடலை. வீட்டை இடிச்ச கால் இதுதானே, தண்டனையை வாங்கிக்கட்டும்னு அதுங்க ஓயற வரைக்கும் நின்னார். வீங்கின காலோட அன்னைக்கு மலையிலிருந்து இறங்க பெரும்பாடு பட்டிருக்கார். தெரியாம நடந்ததுக்கு ஏன் இவ்வளவுன்னு பின்னாடி கேட்டவங்க உண்டு. நமக்கும் அதே கேள்விதான். நீங்க இதை வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, குளவி கொட்டி உயிர் போனவங்களும் இருக்காங்க.

நொண்டி ராஜாவான கதை

விரூபாட்ச குகை நாட்கள்ல நடந்தது. குரங்குக் கூட்டத்தோட தலைவன் ஒரு குட்டியைக் கடிச்சுக் குதறி, செத்துட்டான்னு நினைச்சு குகைக்குப் பக்கத்துல போட்டுட்டுப் போயிடுச்சு. ரமணர் எடுத்து வந்து காயத்தைக் கவனிச்சார். பிழைச்சுக்கிட்டான், ஆனா கால் நொண்டி. அதனால பேரும் நொண்டி.

நொண்டிக்கு ரமணரோட மடிதான் இடம். இலையில வெச்சா ஒரு பருக்கை சிந்தாம சாப்பிடுவானாம். ஒருநாள் என்ன கோபமோ, சாப்பாட்டைத் துப்பிட்டான். ஏன் வீணாக்குறேன்னு ரமணர் அதட்டினார். விட்டான் ஓர் அறை, கண்ணுக்குப் பக்கத்துல! தண்டனையா சில நாள் மடியில உட்கார அனுமதி இல்லை. நொண்டி கெஞ்சிக் குழைஞ்சு, மறுபடியும் இடத்தைப் பிடிச்சுட்டான். வீட்ல தம்பி தங்கச்சி இருக்கிறவங்களுக்கு இந்த சீன் நல்லாப் புரியும்.

ஆனா இந்தக் கதையோட முக்கியமான பாகம் இனிமேதான். மனுஷன் கை பட்ட குரங்கைக் கூட்டம் திரும்பச் சேர்த்துக்காதுன்னு சொல்வாங்க. காட்டு விலங்குகளை மீட்டுச் சிகிச்சை பண்ற அமைப்புகளோட பெரிய தலைவலியே இதுதான். காயத்தை ஆத்துறது பாதி வேலை. மனுஷ வாசனை ரொம்ப ஒட்டாம திரும்பக் கொண்டுபோய் விடுறது மீதி வேலை. அதனாலதான் நல்ல மீட்பு மையங்கள்ல குட்டியைத் தூக்கிக் கொஞ்ச விடமாட்டாங்க. நொண்டி விஷயத்துல நேரெதிரா நடந்தது. மடியில வளர்ந்தவனைக் கூட்டம் வந்து திரும்பச் சேர்த்துக்கிச்சு. சேர்த்துக்கிட்டது மட்டுமில்லை, நொண்டி அந்தக் கூட்டத்துக்கே ராஜாவானான்.

ஒரு கோடையில ரமணரும் கூட இருந்தவங்களும் மலையைச் சுத்தி வந்தப்போ, பசியும் தாகமும் தாங்கலை. வழியில குரங்குக் கூட்டம் ஒண்ணு மரத்துல ஏறிக் கிளைகளை உலுக்கிப் பழமா உதிர்த்துட்டு, தான் ஒண்ணுகூட எடுத்துக்காம போயிடுச்சாம். இதை அற்புதம்னு சொல்றவங்க உண்டு, தற்செயல்னு சொல்றவங்களும் உண்டு. பக்தர்கள் சொல்ற கதைகள்ல பூ கொஞ்சம் கூடத்தான் சேர்ந்திருக்கும். விரிசல் விட்ட பறவை முட்டையைத் துணியில சுத்திக் கூட்டுல வெச்சு, தினமும் எடுத்துப் பார்த்து, கடைசியில குஞ்சு பொரிச்சதுன்னு ஒரு கதையும் இருக்கு. நான் அதுல நம்புற பகுதி, அவர் தினமும் போய் எடுத்துப் பார்த்தார்ங்கிறதுதான்.

ஸ்கந்தாஸ்ரமத்துல கமலான்னு ஒரு நாய். குட்டியா வந்தப்போ, வருஷா வருஷம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிடும்னு பயந்து எல்லாரும் விரட்டிப் பார்த்தாங்க. போகலை. பின்னாடி கமலாதான் ஆசிரமத்தோட டூரிஸ்ட் கைடு. புதுசா யாராவது வந்தா, இவருக்குச் சுத்திக் காட்டிட்டு வான்னு ரமணர் சொல்வார். அவளும் மலையில இருக்கிற சிலை, தீர்த்தம், குகை ஒண்ணு விடாம கூட்டிட்டுப் போய்க் காட்டி, பத்திரமா கொண்டுவந்து விடுவா.

எல்லாமே இப்படி இனிமையா முடியலை. ஒருதடவை, கூட இருந்தவர் ஒரு நாயைக் கொஞ்சம் கடுமையா திட்டிட்டார். அந்த நாய் நேரா போய்க் குளத்துல விழுந்து செத்துப்போச்சு. அந்தச் சாவுக்கு அப்புறம் ரமணர் எல்லாருக்கும் கண்டிப்பா சொன்னார், இங்கே இருக்கிற எந்த உயிருக்கும் புத்தியும் மானமும் இல்லைன்னு நினைச்சு நடத்தாதீங்கன்னு. நாய் வேணும்னே விழுந்துச்சா, தவறி விழுந்துச்சான்னு நமக்குத் தெரியாது. அவர் ஏன் அப்படி எடுத்துக்கிட்டார்ங்கிறது மட்டும் தெரியுது.

திருடங்க வந்த ராத்திரி

1922 மே 19-ம் தேதி அம்மா அழகம்மாள் ஸ்கந்தாஸ்ரமத்துல இறந்தாங்க. மலையடிவாரத்துல அவங்களை அடக்கம் பண்ணின இடத்துக்கு ரமணர் அடிக்கடி இறங்கி வந்து, அந்த வருஷக் கடைசியில அங்கேயே தங்கிட்டார். அப்போ இருந்தது ஒரு கூரைக் கொட்டகைதான். இன்னைக்கு நீங்க பார்க்கிற ரமணாஸ்ரமம் அப்படித்தான் ஆரம்பிச்சது.

1924 ஜூன் 26. ராத்திரி பதினொன்றரை மணி. திருடங்க வந்து ஜன்னலை உடைக்க ஆரம்பிச்சாங்க. உள்ளே சில சீடர்கள், அவங்களுக்கு நடுவுல ரமணர். சாமியார் மடத்துல பணம் புதைச்சு வெச்சிருப்பாங்கன்னு வந்தவங்க நினைச்சிருக்காங்க. சீடர்களுக்கு ரத்தம் கொதிச்சது. ரமணர் அவங்களை அடக்கினார். வேணுங்கிறதை எடுத்துக்கச் சொல்லுங்க, நாம வெளியே போயிடலாம்னார்.

வெளியே போறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச ஏற்பாடு என்ன தெரியுமா? கருப்பன்னு ஒரு நாய் இருந்தான், உடம்புக்கு முடியாதவன். திருடங்க அவனை அடிச்சுடுவாங்களோங்கிறது அவரோட கவலை. குஞ்சுசாமிங்கிற சீடர்கிட்ட, முதல்ல கருப்பனைப் பத்திரமான இடத்துல விட்டுட்டு வான்னு அனுப்பினார். அப்புறம்தான் மத்தவங்க வெளியே வந்தாங்க. வாசல்ல ஒவ்வொருத்தருக்கும் அடி. ரமணருக்கு இடது தொடையில விழுந்தது. திருப்தி இல்லைன்னா இன்னொரு காலும் இருக்குன்னு திருடன்கிட்டயே சொன்னார். உள்ளே தேட விளக்கு கேட்டாங்க, ஹரிக்கேன் விளக்கையும் கொடுக்கச் சொன்னார். அவங்களுக்குக் கிடைச்சது என்னவோ சொற்பம்தான்.

யோசிச்சுப் பாருங்க. வீடு தீப்பிடிச்சா முதல்ல எதை எடுப்பீங்கன்னு சோஷியல் மீடியாவில கேம் விளையாடுறோமே, அந்தக் கேள்விக்கு அவர் நிஜத்துல பதில் சொன்ன ராத்திரி அது.

ஆசிரமம் வளர்ந்தப்புறமும் சாப்பாட்டு வரிசை மாறலை. முதல்ல நாய்கள், அடுத்து வாசல்ல வர்ற பிச்சைக்காரங்க, கடைசியாதான் பக்தர்கள். கலெக்டரே வந்திருந்தாலும் பசங்க சாப்பிட்டாச்சான்னுதான் முதல்ல விசாரிப்பார். அவர் பசங்கன்னு சொன்னது நாய்களைங்கிறது புதுசா வந்தவங்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆகுமாம். அவர் உட்கார்ந்திருக்கிற சோபாவுக்கு ஜன்னல் வழியா அணில்கள் வந்து கையிலிருந்து முந்திரிப்பருப்பை வாங்கிட்டுப் போகும். கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சுகளைப் பஞ்சுல வெச்சுப் பால் கொடுத்து வளர்த்ததும் உண்டு. ஒரு தாய்க் குரங்கு குட்டியைத் தூக்கிக்கிட்டு ஜன்னல்ல வந்தப்போ, உதவியாளர் விரட்டப் போனார். உங்க குழந்தையை நீங்க இங்கே கொண்டுவந்து காட்டுறீங்க, அவளும் அதுக்குத்தான் வந்திருக்கான்னு தடுத்துட்டார் ரமணர்.

ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். பக்தர்கள் கொண்டு வர்ற பழத்தைக் குரங்கு பிடுங்கிட்டுப் போறதை ரசிக்கிறது, பழத்தை நம்பி வயிறு நிறைக்காதவங்களுக்கு ஈஸி. இப்போ நம்ம கரிசக்காட்டுல மயில் கூட்டம் இறங்கி, விதைச்ச நிலக்கடலையைக் கிளறித் தின்னுட்டுப் போறப்போ, அந்த விவசாயிகிட்ட போய் இந்தக் கதையைச் சொன்னா அவர் சிரிக்க மாட்டார். அவர் கோபம் நியாயமானது. அதேபோல மான், மயில்னு காட்டு உயிர்களை வீட்டுல வெச்சுக்க இன்னைக்கு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. அடிபட்டுக் கிடந்தா வனத்துறைக்குத்தான் சொல்லணும். ரோட்டோரக் குரங்குக்கு பிஸ்கட் போட்டு ரீல்ஸ் எடுக்கிறதும் அதுக்குச் செய்யற உதவி இல்லை. ரமணர் செஞ்சதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவர் இருந்த மலையும் காலமும் வேற. 1959-ல சென்னையில ப்ளூ கிராஸ், 1960-ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார். தெருநாய்க்குக் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டுப் பிடிச்ச தெருவுலயே திரும்ப விடுற இன்றைய ஷெல்டர் வேலையெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா அந்த வேலைக்கு அடியில ஓர் எண்ணம் இருக்கே, அந்தத் தெருவும் அந்த நாயோடதுதான்கிற எண்ணம், அது அவருக்குப் புதுசா இருந்திருக்காது.

லட்சுமி

1926-ல குடியாத்தம் பக்கம் குமாரமங்கலத்திலிருந்து அருணாசலம் பிள்ளைங்கிறவர் ஒரு பசுவையும் கன்னுக்குட்டியையும் ஆசிரமத்துக்குக் கொண்டு வந்தார். ரமணர் வேண்டாம்னார். சிறுத்தை நடமாட்டம் இருக்கு, பார்த்துக்க ஆள் இல்லை, கட்ட இடமும் இல்லை. நல்ல காரணங்கள்தான். இன்னைக்கு ஒரு ஷெல்டர்காரர் இடம் இல்லைன்னு சொல்றப்போ நமக்குக் கோபம் வருதே, அதே பதில். ஆனாலும் கூட இருந்தவங்க பிடிவாதமா வெச்சுக்கிட்டாங்க. கொஞ்ச காலம் கழிச்சு, ஊருக்குள்ள ஒருத்தர் பொறுப்புல தாயையும் கன்னையும் விட்டாங்க.

ஒரு கிரகணத்தன்னைக்கு அந்த மனுஷர் ஆசிரமத்துப் பக்கத்துக் குளத்துக்குக் குளிக்க வந்தப்போ, இரண்டையும் கூடவே ஓட்டிட்டு வந்தார். அதுல வழியைப் பார்த்து வெச்சுக்கிட்டா லட்சுமி. மறுநாள்லேருந்து காலையில தனியா நடந்து ஆசிரமத்துக்கு வர்றது, நாள் பூரா ரமணர்கிட்ட இருக்கிறது, சாயங்காலம் வீடு திரும்புறது. ஸ்கூல் பிள்ளை மாதிரி. அப்புறம் ஆசிரமத்துக்கே வந்துட்டா.

கூடத்துல எத்தனை பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் லட்சுமி நேரா உள்ளே வந்து அவர் காலடியில தலையை வைப்பா. வாழைப்பழம் ரொம்ப இஷ்டம். நிறைய கன்னு போட்டா. குறைஞ்சது மூணு தடவை ரமணரோட பிறந்தநாள்லயே கன்னு பிறந்ததாம். விரூபாட்ச குகை நாட்கள்ல மலையில கீரை பறிச்சுச் சமைச்சுக் கொடுத்த கீரைப்பாட்டின்னு ஓர் ஏழைக் கிழவி இருந்தா. அவதான் லட்சுமியா பிறந்து வந்திருக்கான்னு பக்தர்கள் பேசிக்கிட்டாங்க. ரமணர் அதை மறுத்ததும் இல்லை, நேரா ஆமான்னு சொன்னதும் இல்லை.

1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. லட்சுமிக்குக் கடைசி நேரம். ஆசிரமத்துல நடந்ததையெல்லாம் அண்ணனுக்குத் தெலுங்குல கடிதமா எழுதிக்கிட்டிருந்த சூரி நாகம்மா, அன்னைக்கு நடந்ததையும் எழுதி வெச்சிருக்காங்க. ரமணர் கோசாலைக்கு வந்து வைக்கோல்ல அவ பக்கத்துலயே உட்கார்ந்தார். முகத்தைக் கையில ஏந்தி, தலையைத் தடவிக்கொடுத்தார். அவளை அம்மான்னு கூப்பிட்டார். பகல்ல உயிர் அமைதியா பிரிஞ்சது. குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வெச்சு, பட்டுத்துணி போர்த்தி, ஆசிரமத்துலயே சமாதி வெச்சாங்க.

சமாதிக் கல்லுக்கு ரமணரே ஒரு தமிழ்ப் பாட்டு எழுதிக் கொடுத்தார். வருஷம், மாசம், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் குறிச்சு, இந்த நாள்ல பசு லட்சுமி முக்தி அடைஞ்சான்னு. ஒரு பக்தருக்குச் சந்தேகம். யார் செத்தாலும் மரியாதைக்கு அப்படிச் சொல்றது வழக்கம்தானே, இதுவும் அப்படித்தானா, இல்லை நிஜமாவே முக்தியான்னு கேட்டுட்டார். நிஜமாத்தான்னுட்டார் ரமணர். எத்தனையோ பேர் வீடு, வேலை எல்லாத்தையும் விட்டுட்டு வருஷக்கணக்கா அந்தக் கூடத்துல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது எதுக்காகவோ, அது ஒரு மாட்டுக்குக் கிடைச்சுதுன்னு அவர் எழுத்துல கொடுத்துட்டார். அந்தக் கூடத்துல அன்னைக்கு எத்தனை முகம் எப்படி இருந்திருக்கும்!

மயில் சாப்பிட்டாச்சா?

1947-ல பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயில் பரிசா வந்தது. பார்க்க வந்தவங்க எல்லாரும் அசந்து நிக்க, ரமணர் மட்டும் கவலைப்பட்டார். இங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மயில் இருக்கு, வேற நிறம்னு இவனைக் கொத்தி விரட்டுவாங்க, இவனை இவன் ஊருக்கே அனுப்பிடறது நல்லதுன்னார். அனுப்பலை. அவன் வழிதவறிப் போறப்பெல்லாம் ஆள் விட்டுத் தேடிக் கொண்டுவரச் சொல்றது அவரோட வேலையாச்சு.

1949-ல ரமணரோட இடது கையில வந்த கட்டி புற்றுநோய்னு தெரிஞ்சது. திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணியும் நிக்கலை. கடைசி நாட்கள்ல சின்ன அறை ஒண்ணுல படுத்திருந்தார். வெளியே ஆயிரக்கணக்கான பேர் வரிசையா வந்து பார்த்துட்டுப் போனாங்க. டாக்டர்கள் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அதுக்கு நடுவுல வெளியே மயில் அகவுற சத்தம் கேட்டு, அவனுக்குத் தீனி போட்டாச்சான்னு அவர் விசாரிச்சிருக்கார். வெள்ளை மயில் அந்த அறையோட கூரை மேல ஏறி உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்தான். 1950 ஏப்ரல் 14-ம் தேதி ராத்திரி 8.47 மணிக்கு மூச்சு நின்னது.

அடுத்த தடவை கிரிவலம் போறப்போ ஆசிரமத்துக்குள்ள கொஞ்சம் நடந்து பாருங்க. கூட்டம் எல்லாம் பெரிய சமாதி மண்டபத்துல இருக்கும். அதைத் தாண்டிப் போனா மரநிழல்ல சின்னச் சின்னதா சில சமாதிகள். லட்சுமி இருக்கா. பக்கத்துல வள்ளின்னு ஒரு மான், அடிபட்டு வந்தவ. ரமணரோட கை அவ தலை மேல இருக்கும்போதுதான் உயிர் போச்சு. அப்புறம் ஜாக்கி, நாய். கூடவே ஒரு காக்கா. அடிபட்டுக் கிடந்ததை எடுத்து மடியில வெச்சுப் பார்த்திருக்கார், அதுக்கும் ஒரு சமாதி கட்டச் சொல்லியிருக்கார். மத்தவங்களுக்கெல்லாம் பேர் இருக்கு. அந்தக் காக்காவுக்கு மட்டும் வெறும் காக்கான்னுதான் போட்டிருக்கு. அது அவனா, அவளான்னு தெரிஞ்ச ஒரே ஆள் சில அடி தள்ளி இருக்கார்.